பனி இல்லாத மாதங்கள்

1

இந்த நவம்பரோடு என் மனைவி உமா கார் ஓட்டுவதை நிறுத்திப் பத்து வருடம் முடிகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் ஜக்கரண்டா மரங்கள் ஊதாப் பூவைக் கொட்ட ஆரம்பித்ததும் எனக்குத் தானாக ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் இருவரும் மதுரைக்காரர்கள். உமா மருந்தியல் படித்தவள், நான் சிவில் என்ஜினீயர். மகள் நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது சிட்னிக்கு வந்தோம். நாங்கள் குடியேறிய புறநகர் கெல்லிவில்லில் அப்போதுதான் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எனக்குக் குடிநீர்க் குழாய் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. உமா பரீட்சைகளை எல்லாம் மறுபடி எழுதி, பக்கத்துப் பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். அவளுக்குச் சாயங்காலம் மங்கினால் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. மாலைக்கண் என்று சொல்லிக் கேரட்டாகத் தின்றுகொண்டிருந்தாள். சினிமாத் தியேட்டரில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதைப் பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நவம்பர் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், குழந்தைகள் சாலையைக் கடக்க உதவும் பெரியவர் ஓரத்தில் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவளுக்கு அவர் தெரியவே இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கத்திய சத்தம் கேட்டு பிரேக் போட்டிருக்கிறாள்.

"வந்து காரை எடுத்துட்டுப் போங்க. நான் நடந்து வந்துடுறேன்."

"உனக்கு அடி கிடி..."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இனிமே ஓட்டமாட்டேன். அவ்வளவுதான்."

கண் டாக்டர் சொன்னது எளிமையாகப் புரிந்தது. விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே நடுவுக்கு வரும். எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறதா என்று அவர் கேட்டார். குழாய் என் தொழில். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அலுவலகத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க அவளைக் கூட்டிப் போனேன். அதற்குப் பதிலாக அடையாள அட்டை ஒன்று தருவார்கள். அதற்குப் புதிதாகப் போட்டோ எடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்த இளம்பெண் பழக்கத்தில், "கேமராவைப் பாருங்க" என்றாள்.

"எங்க இருக்கு?" என்று உமா கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குக் காரணம் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "என் குரல் வர்ற பக்கம் பாருங்க. பேசிட்டே இருக்கேன்" என்று சொல்லி, தான் காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே படம் எடுத்தாள். அந்த அட்டையில் உமா சிரித்துக்கொண்டிருக்கிறாள். வருவோர் போவோரெல்லாம் நல்ல படம் என்பார்கள்.

கொஞ்ச நாளில் மருந்துக்கடை வேலையையும் அவளே விட்டுவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. "மாத்திரை பேரை ரெண்டு தடவை படிக்கிறேங்க. மூணாவது தடவை படிக்கிற நாள் வர்றதுக்குள்ள வந்துடணும்" என்றாள்.

2

பனிச்சறுக்கு எங்கள் வீட்டுக்கு நிவேதா வழியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள். அந்த வயதில் எதைப் பற்றியும் எங்களிடம் வாய் திறக்காத பெண், திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசினாள். அடுத்த ஜூலையில் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இங்கே பனி என்பது ஊருக்குள் விழுவதில்லை. கூல்பர்ன், கூமா என்று ஊர்களைத் தாண்டி நாளில் பாதியைக் காரிலேயே கழித்து மலையடிவாரத்தில் ஜிண்டபைனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஜூன் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிக்குள் எல்லாம் கரைந்துவிடும். நாங்கள் புளியோதரையும் பிளாஸ்கில் காப்பியுமாகக் கிளம்புவோம். தூக்குவாளி சகிதம் பனிமலைக்குப் போன முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று உமா சொல்வாள்.

அவள் ஆடப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கீழே கபேயில் உட்கார்ந்திருப்பாள், நாங்கள் போய்விட்டு வருவோம் என்பது ஏற்பாடு. அங்கே பார்வை குறைந்தவர்களுக்குக் கற்றுத்தரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்று நிவேதாதான் கண்டுபிடித்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை மேலே மாட்டிவிடுவார்கள். துணைக்கு வருபவர் பின்னாலேயே வந்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டும். பார்வை இல்லாதவர்தான் முன்னால் போவார்.

நாற்பத்தைந்து வயதில் உமா சறுக்கக் கற்றுக்கொண்டாள். எத்தனையோ தடவை விழுந்தாள். நானும் விழுந்தேன், அவளைவிட அதிகமாக. முதல் மூன்று குளிர்காலம் நிவேதா அவளுக்குப் பின்னால் போனாள். "Left, Amma. Left. And right. Lovely." மகளின் இங்கிலீஷ் மலைச்சரிவில் மணிமாதிரி கேட்கும். அம்மாவும் பெண்ணும் தோளோடு தோளாகக் கம்பியில் தொங்கும் லிஃப்டில் ஏறி மேலே போவதைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு நிவேதா படிக்க மெல்பர்ன் போனாள். அங்கேயே பிசியோதெரபி வேலை கிடைத்து, அங்கேயே ஒரு வாழ்க்கையும் அமைந்துவிட்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பழக்கம், இங்கிலீஷிலும் சுருக்கமாகச் சொல்லும் பழக்கமாக மாறியது. "Busy, Appa. Will call." குரல் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் நாளே ஒரு சிக்கல். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "இடது! வலது!" என்று கத்தினேன். காற்றில் அவள் காதுக்கு இரண்டுமே "அது" என்றுதான் போய்ச் சேர்ந்தது. ஒரு வேலியை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தாள். என்னை அறியாமல், "சோத்தாங்கை! சோத்தாங்கைப் பக்கம்!" என்று அலறினேன். கச்சிதமாக வலப்பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். நின்ற இடத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்ப இடது பக்கத்துக்கு என்ன சொல்வீங்க?"

"நொட்டாங்கை."

"சரி. அதையே வெச்சுக்குவோம். ரெண்டும் வேற வேற மாதிரி கேக்குது."

அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய மலையில் குளிர்காலந்தோறும், "சோத்து... சோத்து... நொட்டை... அப்படியே நில்லு" என்று என் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னார்வலர்களில் ஒருவர் அது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று விசாரித்தார். சோறு சாப்பிடும் கை என்று ஒன்றுக்கு மட்டும் விளக்கம் சொல்லிவிட்டு நழுவினேன்.

3

ஒரு ஆகஸ்டில் நாங்கள் மேலே இருந்தபோது மேகம் இறங்கிவிட்டது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. என் கையை நீட்டினால் கை தெரியவில்லை. மேடு எது பள்ளம் எது என்று புரியாமல் எனக்குத் தலை சுற்றியது. நிற்கிறேனா நகர்கிறேனா என்பதுகூடத் தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது.

"உமா, அசையாத. எனக்கு எதுவும் தெரியல."

"எதுவுமேவா?"

"எதுவுமே. வெறும் வெள்ளையா இருக்கு."

ஊன்றுகோலை என் பக்கம் நீட்டினாள். பிறகு, "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு. என் குச்சியைப் பிடிச்சுக்குங்க. கால் சொல்லுது, சரிவு இந்தப் பக்கம்தான்" என்றாள். அவளுடைய ஊன்றுகோலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்த இழுப்புக்குப் பக்கவாட்டில் அடி அடியாக இறங்கினேன். அழுத குழந்தையும் அதன் தகப்பனும் எங்கள் பேச்சுக்குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கீழே விளக்குகள் மங்கலாகத் தெரிந்ததும் நான்தான் முதலில் கத்தினேன்.

அன்றைக்கு விடுதியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, ஏன் அவளுக்கு இந்த விளையாட்டு இவ்வளவு பிடிக்கிறது என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"வீட்டுல எதைப் பாத்தாலும் துண்டு துண்டாத்தான் தெரியுது. உங்க மூக்கைப் பாத்தா வாய் தெரியாது. தட்டுல சோறு தெரிஞ்சா குழம்பு தெரியாது. எது தெரியலங்கிறது எந்நேரமும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கு. பனி அப்படி இல்லைங்க. அந்தச் சின்ன ஓட்டை வழியாப் பாத்தாலும் வெள்ளை முழுசா இருக்கு. விட்டுப்போனது ஒண்ணும் இல்ல."

இதைக் கேட்டதற்குப் பிறகு, மலையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கூமாவைத் தாண்டி மரங்களும் வேலிகளும் ஆட்டு மந்தைகளும் வர ஆரம்பித்ததும் அவள் ஏன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

4

அக்டோபர் வந்தால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். வெளியே வெயில் பளீரென்று அடிக்கும். பக்கத்து வீட்டில் பார்பிக்யூ, நீச்சல்குளத்தில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம், தெருவில் கிரிக்கெட். எல்லாருக்கும் சந்தோஷம் ஆரம்பிக்கும் நேரத்தில் இவள் திரையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதிக வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடி போட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும். காலையில் நான் விட்டுப் போன நாற்காலியிலேயே சாயங்காலமும் இருப்பாள். நண்பர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க" என்பாள்.

வெயில் காலத்துக்கும் ஒரு விளையாட்டு கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம். பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. கடிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு, "இரண்டு மணிப் பக்கம்" என்று சொல்வார்கள், அந்தத் திசையில் உருட்ட வேண்டும். எல்லாரும் அன்பானவர்கள். வெள்ளைத் தொப்பி, டீ, பிஸ்கட். உமா இரண்டு மாதம் மரியாதைக்காகப் போனாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு."

அடுத்து நீச்சல். குளத்தில் கயிற்றைத் தொட்டுக்கொண்டே போய்வர முடிந்தது. நன்றாகவே நீந்தினாள். வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு, "தண்ணிக்குள்ள யாரும் இல்லைங்க" என்றாள். நான் அடுத்த வரிசையில்தான் நீந்திக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீருக்குள் என் குரல் அவளுக்குக் கேட்காது. அவளுக்கு வேண்டியது உடற்பயிற்சி இல்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது. காற்று முகத்தில் அடிக்க வேண்டும். வயிற்றில் கொஞ்சம் பயம் வேண்டும். கூட ஒரு குரல் வேண்டும்.

மூன்றாவதாக இரட்டைச் சைக்கிள். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், முன்னால் இருப்பவர் கையில்தான் திருப்பமும் பிரேக்கும். முன்னால் நான், பின்னால் அவள். ஆரம்பத்தில் எங்கள் தெருவிலேயே பழகினோம். நான் ஒன்று சொல்வதற்குள் இன்னொன்று வந்துவிடும். அவள் மிதிப்பது எனக்குத் தள்ளுவதுபோல் இருக்கும், நான் மிதிப்பது அவளுக்கு இழுப்பதுபோல் இருக்கும். ஆனாலும் ஓரளவு கைவந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை துணிந்து நெடுஞ்சாலையை ஒட்டிய சைக்கிள் பாதைக்குப் போனோம். உமா பின்னால் இருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இங்கே வசந்த காலத்தில் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு காக்கும். அந்தச் சமயத்தில் சைக்கிளில் யார் போனாலும் பின்னாலிருந்து வந்து தலையில் கொத்தும். இந்த ஊர்க்காரர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு போவதைப் பார்த்து நாங்களே சிரித்திருக்கிறோம். அது என் காதோரம் இறக்கையை அடித்துக்கொண்டு வந்தது. குனிந்தேன். முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிட்டது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. உமாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவள், வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"மேக்பை."

"விழப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்கு நேரமே இல்ல உமா."

"தெரியும்" என்றாள். "பனியில நான் விழுந்தா நான் விழுறேன்னு எனக்குத் தெரியும். இது... உக்காந்திருந்த இடம் திடீர்னு இல்லாமப் போச்சு."

5

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் ரோகிணி. ஐம்பது வயதிருக்கும். கிரவீனில் தனியாக இருக்கிறாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"சைக்கிளால விழுந்தனீங்களோ?"

"ஆமா."

"நானும் சைக்கிள் ஓடுறனான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆத்தங்கரையால போய் வாறனான்."

உமா வலியிலும் சிரித்தாள். "எங்க ஊர்ல சைக்கிளை ஓட்டுவோம். உங்க ஊர்ல நீங்களே ஓடுவீங்களா?"

"ஓம், நாங்கள்தான் ஓடுவம். சைக்கிள் பாவம், அது சும்மா வரும்." கட்டைச் சுற்றிக்கொண்டே ரோகிணி சொன்னாள். "கை முறிவு மாறட்டும். பயப்பிடாதேங்கோ. மாறினாப் பிறகு என்னோட ஒருக்கா வந்து பாருங்கோ. பின் கதிரையில சும்மா இருக்கலாம், மிதிக்கவும் வேண்டாம்."

நான் அதை ஆறுதல் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். கட்டைப் பிரித்த பிறகு உமா அவளுக்கு போன் செய்தாள். எனக்குத் தெரியாமல் நம்பர் வாங்கி வைத்திருக்கிறாள்.

அந்த முதல் சனிக்கிழமை பரமட்டாவில் ஆற்றோரத்தில் காரை நிறுத்தி, சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிட்டு நின்றேன். ரோகிணி ஏறுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "இப்ப நான் இடக்கால் வைக்கிறன். இப்ப உன்னுறம். முன்னால ஒரு பள்ளம் கிடக்கு, குலுக்கும். அங்கால ஒரு கிழவன் நாயோட வாறார், நாய்க்குச் சட்டை போட்டிருக்கினம்." அவள் வாய் மூடவே இல்லை. பாதை திரும்பும் இடத்தில் மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகும் அவள் குரலும், நடுநடுவே உமா சிரிப்பதும் கேட்டது.

அதிலிருந்து மூன்று வெயில் காலமாக சனிக்கிழமைக் காலைகள் அவர்களுடையவை. நான் பக்கத்தில் ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்கு நடந்து போய், ஒரு இனிப்புக் கடையில் டீ வாங்கிக்கொண்டு உட்காருவேன். வடநாட்டுக் கடை. முதலாளி இப்போது என்னைப் பார்த்ததும் டீ போட ஆரம்பித்துவிடுகிறார். வெளியே தள்ளுவண்டியில் குழந்தைகளோடு குடும்பங்கள் போகும். இளவயதுப் பிள்ளைகள் செல்போனில் பஞ்சாபியிலும் தெலுங்கிலும் ஊருக்குப் பேசிக்கொண்டே போவார்கள். நான் மெல்பர்னுக்கு போன் போடுவேன். சில வாரம் நிவேதா எடுப்பாள். அம்மா சைக்கிளில் போயிருக்கிறாள் என்றால், "That's so good for her, Appa. And what are you doing?" என்று கேட்பாள். டீ குடிக்கிறேன் என்பேன்.

உமா மாறிவிட்டாள். அக்டோபரில் திரை திறந்தே இருந்தது. வாரத்தின் நடுவிலும் போனில் இருவரும் பேசிக்கொண்டார்கள். புட்டுக்கு மாவு எப்படிக் குழைப்பது என்று கேட்டுச் செய்தாள். ஒரு நாள் நான் ஏதோ கேட்டதற்கு, குசினியிலிருந்து "ஓம்" என்றாள். சமையலறையை நானும் குசினி என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வந்ததே தெரியவில்லை. இருபத்தேழு வருடமாக எனக்கு "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நான் திருத்தவில்லை. அதில் திருத்த என்ன இருக்கிறது.

அப்போதும் எனக்குக் குளிர்காலம் இருந்தது. ஜூன் வந்தால் மலைக்குப் போவோம், அவள் முன்னால் போவாள், நான் பின்னால் குரல் கொடுப்பேன் என்கிற எண்ணத்தில் அந்த சனிக்கிழமைகளை நான் கடந்துகொண்டிருந்தேன்.

6

இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு காலையில் எழுந்து, "என்னங்க, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லத் தாமதித்ததிலிருந்தே புரிந்துகொண்டாள். கையை நீட்டி வெயிலின் சூட்டைத் தடவிப் பார்த்தாள். "சரி" என்றாள். அன்றைக்கு அழவில்லை. ஒரு வாரம் கழித்து, வாஷிங் மெஷினில் துணி போடும்போது, எந்தச் சட்டை என்று கேட்டு நான் சொன்னதும் அப்படியே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அது நிவேதா சிறுவயதில் எனக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்த பச்சைச் சட்டை.

ஜூலையில் மலைக்குப் போனோம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. லிஃப்டில் ஏறினோம். நல்ல வெயில், புதுப் பனி, காற்றே இல்லை. "நேரா போ... சோத்து... அப்படித்தான்..." நன்றாகத்தான் இறங்கினாள். பாதிச் சரிவில் தானாகவே நின்றாள். மெதுவாகப் பனியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பனியை அள்ளினாள்.

"என்ன உமா? கால் வலிக்குதா?"

"இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களைச் சுற்றிப் பலபேர் சர்சர்ரென்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளையா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"நிறைய இருக்கா?"

"கண்ணுக்கு எட்டின வரைக்கும் இருக்கு."

தலையாட்டினாள். அள்ளிய பனி கையில் கரைந்து சொட்டியது. "எனக்குக் குளிருதுங்க. அவ்வளவுதான் தெரியுது. இதுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம்."

முழுக்கப் பார்வை இல்லாதவர்களும் சறுக்குகிறார்கள், தன்னார்வலர்கள் அதைச் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "என்னால முடியாதுன்னு நான் சொல்லல. எனக்கு வேண்டாம்" என்றாள். மிச்சச் சரிவையும் என் குரலைக் கேட்டு அழகாக இறங்கினாள். கீழே வந்து ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி, மடித்து, கொடுத்தவர் கையிலேயே நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டாள். வரும் வழியில் கூமா தாண்டியபோது அவள் கண்ணை மூடவில்லை.

இனி எங்களுக்குக் குளிர்கால விளையாட்டு இல்லை. வெயில் கால விளையாட்டு மட்டும்தான். அது அவளுடையது.

7

போன வாரம் சனிக்கிழமை ரோகிணிக்குக் காய்ச்சல். போன் வந்தபோது உமா ஹெல்மெட் வரை மாட்டிக்கொண்டு வாசல் படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சைக்கிள் எங்கள் கராஜில்தான் இருக்கிறது.

"நான் வர்றேன் உமா" என்றேன். "ஆத்தங்கரைப் பாதைதானே. மெதுவாப் போவோம். மேக்பை சீசனும் முடிஞ்சுபோச்சு."

அவள் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தாள்.

"வேண்டாங்க. அடுத்த வாரம் போயிக்கிறேன்."

நான் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். நான் சொன்ன "சரி"யில் என்ன கேட்டதோ, "இங்க வந்து உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"கோவமா?"

"இல்ல."

"அன்னிக்கு விழுந்ததுனாலன்னு நினைக்கிறீங்களா? அது இல்லைங்க." ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினாள். "காலையில எந்திரிச்சதுல இருந்து நீங்கதான் எனக்குத் தட்டு எடுத்து வெக்கிறீங்க. துணி எடுத்துத் தர்றீங்க. கையைப் பிடிச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்க. நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா எல்லாத்தையும் உங்ககிட்ட இருந்துதான் வாங்கிக்கிறேன். மலையில மட்டும்தான் நான் முன்னால போனேன். சைக்கிள்லயும் நான் உங்க பின்னால உக்காந்தா, வீட்டுல இருக்கிற மாதிரியேதானே இருக்கும்?"

"ரோகிணி பின்னாலயும் உக்காந்துதானே போற."

"அவளுக்கு ஏத்தத்துல மூச்சு வாங்கும். நான்தான் மிதிக்கிறேன். நான் இல்லன்னா அந்தச் சைக்கிள்ல அவளால தனியாப் போக முடியாது." ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "அவ ஒண்ணும் எனக்குப் பாவம் பாத்து வரல. அவளுக்கும் சனிக்கிழமை வேண்டியிருக்கு."

தெருவில் பூ விழுந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் குரல் மாறிவிடும்போல் இருந்ததால் பேசாமல் இருந்தேன். குரலை வைத்தே என்னைப் படித்துவிடுகிற ஆளிடம் வேறு என்ன செய்ய முடியும். அவள் கையை நீட்டித் தேடி, என் முழங்கையைப் பிடித்தாள். அன்றைக்கு நாங்கள் எங்கும் போகவில்லை.

நேற்று ரோகிணி வந்துவிட்டாள். வழக்கம்போல் பரமட்டாவில் விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு பேரும் வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து வந்து சேர்ந்தார்கள். ரோகிணி, "அண்ணை, உங்கட மனுசி இண்டைக்கு என்னைக் கொன்றுபோட்டா. ஏத்தத்தில நிப்பாட்டவே விடேல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறினாள். "போட்டு வாறன் உமா."

"ஓம், ஓம். காய்ச்சல் பாத்துக்கோ."

காரில் உமா பேச ஆரம்பித்தாள். ஆற்றோரப் பாதை எனக்குப் பழக்கமில்லை. சைக்கிளை இறக்கி விடும் இடத்தைத் தாண்டி ஒருபோதும் நான் போனதில்லை. முதல் பாலத்துக்குக் கீழே எதிரொலிக்குமாம், இருவரும் கத்திக்கொண்டே போவார்களாம். பிறகு சதுப்புக் காடு வரும், மரப்பலகைப் பாதை தடதடவென்று அதிரும், அங்கே வாசம் மாறும், நம்ம ஊர்க் கண்மாய்ச் சேறு மாதிரி. அதைத் தாண்டினால் ஆறு அகலமாகிவிடும். படகு போனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அலை கரையில் வந்து அடிக்கும்.

"இன்னிக்கு அங்க பெலிக்கன் பாத்தோங்க. ஒரு விளக்குக் கம்பத்து மேல ஒண்ணு, தண்ணியில ரெண்டு. மேல இருக்கிறது கீழ பாத்து முறைச்சுக்கிட்டே இருந்துச்சு."

பார்த்தோம் என்றாள். சிக்னலில் நின்றபோது அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு, தலைமயிர் காற்றில் பறக்க, முகத்தை ஆறு இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.